ஏழாம் வயலின் மழை அளவு

பிப்ரவரி 11, திங்கள்

காலை ஆறரைக்குக் கூடாரத்துக்குள் நான்கு டிகிரி. வெளியே போய் அளக்கத் துணிவில்லை.

ஐம்பத்தொன்பது வயதில் முதல்முறையாகப் பாலைவனத்துக்கு வந்திருக்கிறேன். ஆகஸ்டில் ஓய்வு. அதுவரை நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைத்தால், பிறகு யாராவது கேட்டால் சரியாகச் சொல்லலாம். யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும்.

நான் சிப்பாய் இல்லை. ராணுவத்தில் சம்பளம் வாங்கும் சிவிலியன் டிராஃப்ட்ஸ்மேன். முப்பத்து நான்கு வருடம் பாலமும் தண்ணீர்த் தொட்டியும் வரைந்தவன். எல்லையின் இரு பக்கமும் படைகள் வந்து நின்றதும், எங்கள் கம்பெனியை இங்கே கண்ணிவெடி புதைக்க அனுப்பினார்கள். வரைபடம் போட ஆள் வேண்டும் என்று என்னையும் லாரியில் ஏற்றினார்கள். ஜனவரி முழுக்க ஏழு இடங்களில் புதைத்தாகிவிட்டது. அந்த இடங்களை இவர்கள் வயல் என்கிறார்கள்.

சண்டை வராமல் போனால் இதே ஆட்கள்தான் இதே வெடிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். என் தாளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

அளக்கத் தொடங்குவதற்கு அசையாத ஒரு பொருள் தேவை. பாறை, கிணறு, கோயில், ஏதாவது. இங்கே மணல்மேடுகூட மாதத்துக்கு ஓர் இடத்தில் இருக்கிறது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு வயலுக்கும் வெளியே, முள்வேலியிலிருந்து நாற்பது தப்படி தள்ளி, நம் பக்கமாக ஆறடி இரும்புக் கம்பம் ஒன்று. அடையாளத்துக்குத் தலையில் மூன்று வெள்ளைப் பட்டை. உள்ளே இருக்கும் வெடிகளுக்கெல்லாம் அந்தக் கம்பத்திலிருந்து திசையும் தூரமும். வயலுக்கு இரண்டு கம்பம் கேட்டேன். "இரும்புக்கு எங்க போறது? ஒண்ணு போதும் சார்" என்றார் சுபேதார் குணசீலன்.

நான் யோசனை சொல்வது அபூர்வம். அதை ஏற்றுக்கொள்வது அதைவிட அபூர்வம். நினைத்தால் பெருமையாக இருக்கிறது. உடனே பயமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 14

வாளித் தண்ணீரில் பாலாடை போலப் பனிக்கட்டி. பாலைவனம் என்றதும் என் மனைவி கமலவேணி மெல்லிய பருத்திச் சட்டைகளாக அடுக்கி அனுப்பினாள். நான்கைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

தாயார் இறந்து இரண்டு மாத விடுப்பில் போயிருந்த, நாயக் பதவியிலுள்ள வெயிலுமுத்து நேற்றுத் திரும்பிவிட்டார். சாத்தூர்ப் பக்கம். முப்பத்து மூன்று வயது. ஏழாம் வயல் கணக்கை நான்காம் முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கூடாரத்துக்குள் தலையை நீட்டினார்.

"டிராயிங் சார்னா நீங்கதானா? நமக்கு ஒரு வீடு வரைஞ்சு தரணும்."

இது அரசாங்கத் தாள் என்றேன்.

"அரசாங்கத் தாளுக்குப் பின்பக்கம் சும்மாத்தான சார் கெடக்கு?"

மனை இருபத்திரண்டுக்கு நாற்பது. ஒரு கூடம், ஓர் அறை, சமையல்கட்டு. அவர் முக்கியமாகக் கேட்டது வெளிப்பக்கம் மாடிப்படி. "மொட்டை மாடில மல்லாக்கப் படுக்கணும் சார். பதினாலு வருசமா கூடாரத் துணியையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

இடத்தை மிச்சம் பிடிக்கப் படியைச் செங்குத்தாக வைக்கச் சொன்னார். வயதான பிறகு முழங்கால் கேட்காது என்றேன்.

"வயசாகுறப்ப பாத்துக்கிடலாம்." எழுந்து போகும்போது கேட்டார்: "ஏழு வயல் வெதச்சிருக்கீகளாமே. மழை பெஞ்சா மொளைக்குமா சார்?"

நான் சிரித்தேன். இங்கே வந்து முதல்முறை என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 10

வரைபடங்களில் கையெழுத்திட்டோம். மூலையில் இரண்டு கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர். முதலாவதில் நான். இரண்டாவதில் சுபேதார், படிக்காமலே. நான் பேனாவை எடுத்து மறுபடி கூட்டலைப் பார்த்ததும் சாப்பாட்டுக் கூடாரமே சிரித்தது. என் பெயர் இப்போது 'சந்தேக சார்'. டீயில் சர்க்கரை போட்டாயா என்று நான் எத்தனை முறை கேட்பேன் என்று சமையல்காரர்கள் பந்தயம் வைக்கிறார்களாம். சுபேதார்தான் சொன்னார். "இன்னா சார், கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு இதானான்னு எத்தினி வாட்டி கேட்டீங்க?"

உண்மையில் கேட்டேன். அதை இவரிடம் சொல்வானேன்.

மார்ச் 17

பால் பவுடர் டப்பாவில் ஒரு மழைமானி செய்தேன். எஃகு ஸ்கேலை உள்ளே விட்டு மில்லிமீட்டரில் படிக்கலாம். இங்கே வருடத்துக்கு இருநூறு மில்லிமீட்டர்கூடப் பெய்யாது என்கிறார்கள். பெய்வதையாவது சரியாக அளக்கலாம். வேலை முடிந்துவிட்டது, திரும்ப அனுப்ப உத்தரவு வரவில்லை. என்னதான் செய்வது?

மார்ச் 19

காற்று டப்பாவை மூன்று முறை உருட்டிவிட்டது. வெயிலுமுத்து மூங்கில் நட்டுக் கொடுத்தார். அது சாய்ந்திருக்கிறது, டப்பா சாய்ந்தால் அளவு தவறும் என்றேன். மாற்றி நட்டார். இதுவும் சாய்வு என்றேன். "சார், மழையே வல்ல, இதுல நேரா பெஞ்சா என்ன, கோணலா பெஞ்சா என்ன?" ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை. நல்ல நேரான இரும்பாகக் கிடைக்குமா என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

மார்ச் 22

இரும்புக் கம்பம் வந்துவிட்டது. ஆங்கிள் இரும்பு, ஆறடி, தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் மயிரிழை பிசகவில்லை. "எங்கே கிடைத்தது?" என்றேன். "யாருக்கும் இல்லாம தனியா நின்னுச்சு, கூட்டியாந்துட்டேன்" என்றார். தலையில் ஏதோ வெள்ளைப் பூச்சு. டப்பா நழுவாமல் இருக்க அந்த இடத்தில் சாக்குத் துணியைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுகக் கட்டினேன்.

மழை அளவு: இல்லை.

ஏப்ரல் 9

நிழலில் 43. இன்று நடந்ததை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலி செய்த கிராமத்து ஒட்டகம் ஒன்று மூன்றாம் வயலுக்குள் போய்விட்டது. காலை 8.15க்கு வெடிச் சத்தம். முன்னங்கால் ஒன்று இல்லை. விழுந்து எழ முயன்றது, மறுபடி விழுந்தது. அதன் சொந்தக்காரர், தலைப்பாகை கட்டிய கிழவர், வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டு எழுந்து நடந்தால் இன்னொன்று வெடிக்கும் என்று இந்தியில் சொல்லிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அதுவும் குரல் வந்த பக்கம் திரும்பித் திரும்பி எழப் பார்த்தது.

சுட வேண்டும். எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் என்ன நினைக்கும்? மேலிடத்து அனுமதி வர 11.20 ஆயிற்று. மூன்று மணி ஐந்து நிமிடம். சுபேதார் ஒரே குண்டில் முடித்தார். முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சந்தேக சார், அது மிதிச்சது உங்க மேப்புல இருக்கற வெடிதானா? பாத்துச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். இரண்டாம் வரிசை, ஒன்பதாவது. சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் நிம்மதியாக உணர்ந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏப்ரல் 21

கமலவேணி கடிதத்துக்குள் கறிவேப்பிலை வைத்து அனுப்பியிருக்கிறாள். காய்ந்து போனாலும் மணம் போகவில்லை. சமையல்காரர் அதை ரசத்தில் போட்டார். வெயிலுமுத்து தட்டைச் சாய்த்துக் குடித்துவிட்டு, இலையை மட்டும் எடுத்து மென்றுகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியின் கைப்பிடிச் சுவரைச் செங்கல்லிலா இரும்புக் குழாயிலா வைப்பது என்று பேசினோம். முடிவாகவில்லை.

மே 6, திங்கள்

நம்ப முடியாத நாள். பகல் மூன்று மணிக்கு 46 டிகிரி. மூன்றரைக்கு மேற்கே ஒரு கருப்பு. எதிர்ப்பக்கம் ஏதோ எரிகிறது என்று நினைத்து எல்லோரும் தலைக்கவசம் மாட்டினார்கள். ஆலங்கட்டி மழை! எலுமிச்சை அளவில். தலைக்கவசத்தில் டங் டங் என்று விழுந்தது. பத்து நிமிடத்தில் மணல் முழுக்க வெள்ளை. பெரிய பெரிய ஆட்கள் டம்ளரோடு ஓடினார்கள். வெயிலுமுத்து ஒரு செம்பு நிறையப் பொறுக்கி வந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு எனக்கு முதலில் நீட்டினார். பல் கூசியது. வெயில் தொடங்கிய பிறகு குடித்த முதல் குளிர்ந்த பானம். சுபேதார்கூட ஒரு கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

உருகியதையும் சேர்த்து 11 மி.மீ.

அளக்கும்போதுதான் பார்த்தேன். சாக்குத் துணி நனைந்து கீழே வழிந்திருந்தது. கம்பத்தின் தலையில் மூன்று வெள்ளைப் பட்டை. இன்றுதான் கவனித்தேன்.

வெயிலுமுத்துவை அழைத்து எங்கே எடுத்தது என்று கேட்டேன்.

"ஏழாம் நம்பருக்குப் பக்கத்துல. வேலிக்கு வெளியதான் சார், உள்ள போவனா? அங்க ஒத்தையா நின்னுச்சு. ஏன், அதுக்கு எதுனா கணக்கு இருக்கா?"

புதைக்கும்போது அவர் ஊரில் இருந்தார். பட்டை என் யோசனை. எந்த ராணுவப் புத்தகத்திலும் இல்லாதது. அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இப்பவே கொண்டுபோய் ஊனிருதேன்."

வேண்டாம், சரியான இடத்தை வரைபடத்திலிருந்து திரும்பக் கண்டுபிடிக்க முடியாது, வரைபடமே அந்தக் கம்பத்திலிருந்துதான் தொடங்குகிறது, கம்பெனிக்குத் தலைவரான மேஜரிடம் சொல்லிவிடுவோம் என்றேன். நாளை காலை சொல்ல வேண்டும்.

மே 7

மேஜர் பட்டாலியன் தலைமையகத்துக்குப் போய்விட்டார்.

மே 8

வாயால் சொல்வதைவிட எழுத்தில் கொடுப்பது நல்லது. 'கம்பம் அகற்றப்பட்டது' என்றால் யார் அகற்றியது என்ற கேள்வி வரும். வெயிலுமுத்துவுக்கு விசாரணை. 'கம்பம் காணவில்லை' என்றால் அது என் கூடாரத்து வாசலில் நிற்கிறது. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

மே 9

சண்டை வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். வந்தால் இந்த வெடிகளை யாரும் எடுக்கப் போவதில்லை. அவசரப்பட வேண்டாம்.

மே 21

இரண்டு நாளாக மணல்புயல். ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு படுத்திருந்தோம். வரைபடப் பெட்டிக்குள், என் காதுக்குள், இந்த நோட்டின் தையலுக்குள் மணல். எழுந்து பார்த்தால் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த மேடு முன்னால் இருக்கிறது. ஏழாம் வயலின் வேலி பாதி மூடிவிட்டதாம். அதன்மேல் புது வேலி போடுகிறார்கள்.

கம்பம் அசையவில்லை. மழைமானியும் விழவில்லை.

ஜூன் 14, வெள்ளி

63 மி.மீ. ஒரே இரவில். இரண்டு முறை படித்தேன். அறுபத்து மூன்றேதான்.

முகாமுக்குக் கீழே இருந்த தட்டை நிலம் ஏரியாகிவிட்டது. மணலுக்குள் எத்தனை வருடம் தூங்கிற்றோ, தவளைகள் கத்துகின்றன. ஈர மணலில் சிவப்பு வெல்வெட்டாக இந்திரகோபப் பூச்சிகள். கல்லூரியில் செய்யுளில் படித்ததோடு சரி, இப்போதுதான் பார்க்கிறேன். எண்பது பேர் ஜட்டியோடு தண்ணீரில் குதித்தார்கள். நானும் முழங்கால் வரை இறங்கினேன்.

வெயிலுமுத்து என்மீது தண்ணீரை வாரி இறைத்தார். "நனைங்க சார்! சட்டை நனைஞ்சிருச்சான்னு சந்தேகமா இருக்கா?"

மாலை மேஜர் என் மழைமானியைப் பார்க்கவே வந்தார். பஞ்சாபி, உயரமான மனிதர். டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, கம்பத்தில் கையை வைத்துச் சாய்ந்து நின்றபடி, உங்களைப் போல ஒழுங்கான ஆள் கம்பெனிக்கு ஒருவர் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சாக்குத் துணியைப் புதிதாகச் சுற்றியிருந்தேன். அவர் கை அதன்மேல்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். "நன்றி சார்" என்றேன்.

ஜூன் 27

உத்தரவு வந்துவிட்டது. சண்டை இல்லை. வெடிகளை எடுக்க வேண்டும். ஒன்றாம் வயலில் தொடங்கி ஏழில் முடிப்பது. ஆட்கள் ஆலங்கட்டி அன்றைக்குச் சந்தோஷப்பட்டதைப் போலச் சந்தோஷப்பட்டார்கள். எல்லோருக்கும் ஊர். வெயிலுமுத்து செங்கல் விலை கேட்டுக் கடிதம் எழுதுகிறார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும்.

ஜூன் 28

வெயிலுமுத்துவிடம் கம்பத்தைத் திரும்ப வைத்துவிடச் சொன்னேன். மேஜரிடம் சொல்லியாச்சா என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தண்ணீர் வண்டியில் போட்டு எடுத்துப் போனார். ஒரு மணி நேரத்தில் வந்தார்.

"வச்சாச்சு சார்."

"அதே இடமா தம்பி?"

"அதே இடந்தான். எடுத்த குழி மூடிப்போச்சு, ஆனா வண்டித்தடத்துல இருந்து எம்புட்டுத் தூரம்னு ஒரு நெதானம் இருக்குல்ல. நாலு எட்டு முன்ன பின்ன இருக்கும்."

நான்கு எட்டு என்பது ஏறக்குறைய மூன்று மீட்டர். என் வரைபடத்தில், எடுப்பவர்கள் நிற்கும் பாதைக்கும் முதல் வரிசை வெடிகளுக்கும் நடுவே இரண்டு மீட்டர்.

அந்த வண்டித்தடமும் புயலுக்குப் பிறகு புதிதாகப் போட்டதுதான். இதை அவரிடம் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

மழைமானியை மறுபடி மூங்கிலில் கட்டினேன். சாய்வு.

ஜூலை 4

நான்கு வயல்கள் முடிந்தன. ஒரு வெடிகூட வரைபடத்திலிருந்து ஒரு சாண் விலகவில்லை. மூன்றாம் வயலில் இரண்டாம் வரிசை ஒன்பதாவது மட்டும் இல்லை. அது ஒட்டகத்தோடு போனது. சமையல்கட்டில் எனக்காக ஜவ்வரிசிப் பாயசம் வைத்தார்கள். சர்க்கரை போட்டாயா என்று நான் கேட்கவில்லை. ஒருவர் பந்தயத்தில் தோற்றார்.

ஜூலை 10, புதன்

ஆறும் முடிந்தது. நாளை ஏழு. மாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்தார்கள். மூன்று பேருக்கு மஞ்சள்காமாலை, ஆள் குறைவு. முதல் ஆளாக உள்ளே போவது வெயிலுமுத்து.

சுபேதார் என் வரைபடத்தை உயர்த்திப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "சந்தேக சார், இதான் கடைசி. எதுனா சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பால சொன்னா கடவுள்தான் கேப்பாரு."

எண்பது முகங்கள் என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தன. மேஜர் நின்றுகொண்டிருந்தார். வெயிலுமுத்துவும் என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"சரியாக இருக்கிறது" என்றேன்.

சுபேதார் வரைபடத்தைச் சுருட்டினார். பிறகு கைதட்டினார்கள். சந்தேக சார் சந்தேகப்படாத முதல் நாள் என்று யாரோ விசில் அடித்தார்கள். வெயிலுமுத்து மூச்சை விட்டு, தோளைத் தளர்த்திச் சிரித்தார். மேஜரிடம் நான் சொல்லிவிட்டேன், யாரோ சரிசெய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 11

காலை ஆறு மணிக்கு 31 டிகிரி. வானம் தெளிவு. தென்மேற்குக் காற்று, லேசாக.

9.40.

ஜூலை 12

வெயிலுமுத்து நாடாவை இழுத்துப் பாதை குறித்து, வெடி இல்லை என்று வரைபடம் சொன்ன இடத்தில் காலை வைத்திருக்கிறார். வலது கால் முழங்காலுக்கு மேல் வரை. இடது கையில் இரண்டு விரல். ஹெலிகாப்டர் வர ஐம்பது நிமிடம். ஒட்டகத்துக்கு ஆனதைவிடக் குறைவு. அவர் சத்தம் போட்டார், பிறகு போடவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வெளியிலிருந்து மூன்று அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். ஆறு வயல் சரியாக வந்து ஏழாவது மட்டும் ஏன் பிசகியது என்பதுதான் கேள்வி. கம்பம் அன்று எப்படி நின்றது என்று கேட்டார்கள். நேராக நின்றது என்றேன். உண்மை. நாடா பிடித்ததில் தவறு உண்டா? நான் அருகில் இல்லை என்றேன். அதுவும் உண்மை. நான் சொன்ன எதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வெளியே வந்து திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். இல்லை.

கடைசியில் மேஜர்தான் கேட்டார், உங்களிடம் மழைக் கணக்கு இருக்கிறதே?

ஜூலை 18

மழைக் கணக்கைச் சுத்தமாகப் படியெடுத்துக் கொடுத்தேன். மே 6, 11 மி.மீ. ஜூன் 14, 63 மி.மீ. 'அளந்த முறை' என்ற இடத்தில் 'தரையிலிருந்து நான்கடி உயரத்தில், செங்குத்தாக' என்று எழுதினேன். எதன்மேல் என்று அவர்கள் கேட்கவில்லை.

ஜூலை 23

முடிவு வந்துவிட்டது. முன்னெப்போதும் இல்லாத மழையால் மணல் அரித்து ஏழாம் வயலின் வெடிகள் இடம் பெயர்ந்துள்ளன; யார்மீதும் குற்றமில்லை. என் அட்டவணை இணைப்பு 'ஈ'. சுபேதார் தோளில் தட்டினார். "உங்க டப்பா எங்க எல்லாரையும் காப்பாத்திடுச்சு சார்." அவர் என்னைக் கேலி செய்யாமல் பேசியது இதுவே முதல்முறை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 22

எனக்கு வழியனுப்பு விழா. பூரி, கிழங்கு, கேசரி. மேஜர் பேசினார், துல்லியம் என்ற சொல்லை மூன்று முறை சொன்னார். பிறகு சுபேதார் பச்சைத் துணி போர்த்திய நினைவுப் பரிசைக் கொண்டுவந்தார்.

துணியை எடுத்தேன். தேக்குப் பலகையில் பொருத்திய ஆங்கிள் இரும்பு, ஓர் அடி நீளம். மூன்று பட்டைக்கும் புது வெள்ளைப் பெயின்ட். பித்தளைத் தகட்டில் என் பெயர், 'அசையாத புள்ளியைத் தந்தவருக்கு'.

"உங்க கம்பந்தான் சார். ஏழாம் நம்பர்து. தலைப்பக்கம் அறுத்துச் செஞ்சோம்" என்றார் சுபேதார். "கீழ கொஞ்சம் சணல் ஒட்டிக்கினு இருந்துச்சு, எங்கேர்ந்து வந்துச்சோ. சுரண்டி எடுத்துட்டோம்."

என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா? தெரியவில்லை. கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

ரயிலுக்கு ஆறு மணி நேரம் இருந்தது. நகரத்து ராணுவ மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருக்கலாமா என்று வாசலில் இரண்டு முறை நின்றேன்.

வெயிலுமுத்து இளைத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

"வாங்க சார், உக்காருங்க. பிஸ்கோத்து எதுக்கு? பையில என்ன, இம்புட்டுக் கனமா?"

"புத்தகம்" என்றேன்.

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் வாயத் தொறக்கல சார். கம்பிய நான் பிடுங்குனேன்னு தெரிஞ்சா பென்சன் போயிரும். நீங்களும் சொல்லலையாமே. நல்ல மனுசன் சார் நீங்க. எனக்காகத்தான சொல்லாம விட்டீக?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"எனக்கு அன்னைக்குக் காலைல பயந்தான். நாலு எட்டு முன்ன பின்ன வச்சுட்டமேன்னு. ஆனா மொத நா சாயங்காலம் அம்புட்டுப் பேரு முன்னாடி சரியா இருக்குன்னு சொன்னீக பாருங்க. நீங்க சந்தேகப்படாத மனுசனா? நீங்களே சொல்லிட்டீகன்னுதான் தைரியமா எறங்குனேன்." கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தார். "மழைன்னு எழுதிட்டாகளாம். மழையாத்தான் இருக்கும், என்ன சார்?"

"இருக்கலாம்" என்றேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்தார். மூன்று விரல்தான் பிடித்தன. "வீட்டுப் படத்த முடிச்சு அனுப்பிருங்க. ஒண்ணே ஒண்ணு. படிய மட்டும் எடுத்துராதீக. கட்டைக்காலு குடுக்காக, பழகிக்கிடலாம்னு டாக்டர் சொல்லுதாரு. பைய பையவாவது ஏறிருவேன். மாடில படுக்கணும்."

சரி என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு. திருச்சி

நேற்று இரவு 22 மி.மீ. இருக்கலாம். ஓசையை வைத்துச் சொல்கிறேன். அளக்க எதுவும் இல்லை.

கமலவேணி நினைவுப் பரிசைக் கூடத்து அலமாரியில் வைக்கப் பார்த்தாள். வேண்டாம், மேசையில் இருக்கட்டும் என்றேன்.

இன்று வெயிலுமுத்துவின் வீட்டு வரைபடத்தை முடித்தேன். நல்ல தாளில், இரு பக்கமும் வெள்ளைத் தாளில். வாசலில் சாய்தளம், பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு. கதவுகள் மூன்றரை அடி, சக்கர நாற்காலி திரும்ப. கழிப்பறையில் உட்காரும் பீங்கான், இரு பக்கமும் பிடித்துக்கொள்ளக் குழாய். படியை எடுத்துவிட்டேன். அவர் ஆசைப்பட்டார் என்பது உண்மை. ஆனால் பதினேழு படி, அதுவும் செங்குத்தாக. விழுந்தால் யார் பொறுப்பு? எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. சந்தேகம் இருக்கும்போது வரையக் கூடாது.

மூலையில் இரண்டு கட்டம் போட்டேன். வரைந்தவர். சரிபார்த்தவர். இரண்டிலும் நானே கையெழுத்திட்டேன்.

மை காய வேண்டும். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பிக்கொண்டே இருந்தது. தேக்குப் பலகையோடு அந்த இரும்பைத் தூக்கித் தாளின்மேல், படி இருந்த இடத்தில் வைத்தேன். நல்ல கனம். அசையவில்லை.